வெறும் கல்

என் கையெழுத்து மிகச் சிறியது. படிக்கச் சிரமமாக இருந்தால் ஒரு பூதக்கண்ணாடி வரவழைத்துக்கொள்ளுங்கள், ஐயா. முப்பத்தோரு வருடமாகக் கல் துண்டுகளில் ஒட்டும் சீட்டுகளில் எழுதிப் பழகிய கை இது. எங்கே கிடைத்தது, எந்த ஆழத்தில், யார் எடுத்தது, எந்தத் தேதி என்று நான்கு வரியை நகத்தளவு சீட்டுக்குள் அடக்க வேண்டும். என் மனைவி நான் எழுதிவைக்கும் எதையும் படிப்பதில்லை. "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குங்க, வாயால சொல்லிடுங்க" என்பாள்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் எங்கள் அருங்காட்சியகத்தின் கிடங்கில் நடந்ததைப் பற்றி உங்களிடம் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அலமாரிகளுக்கு நடுவே ஸ்கேன் இயந்திரத்தை இயக்கும் அந்தப் பெண் நசுங்கிய விஷயம். அதில் இரண்டு வாக்கியங்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. மற்றதெல்லாம் உண்மைதான், அப்படியே இருக்கட்டும். திருத்துவதற்கு முன் கொஞ்சம் பின்னால் போகிறேன். காரணம் தெரியாமல் படித்தால் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

என் வேலை, பாறைக்குள் இருக்கும் எலும்பை வெளியே கொண்டுவருவது. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் கல்லை வைத்து, காற்றழுத்தத்தில் அதிரும் ஊசியால் அதைத் துகள் துகளாக உதிர்ப்பேன். எலும்பு ஒரு நிறம், கல் ஒரு நிறம் என்றெல்லாம் இருக்காது. சத்தத்தில்தான் வித்தியாசம் தெரியும். ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தால் அரிசி அளவுக்கு வேலை நகரும். பொறுமைசாலி என்று எல்லோரும் சொல்வார்கள். பொறுமை இல்லை, ஐயா, பயம். உடைந்தால் திரும்ப வராத பொருளைத் தினமும் தொடுகிறவனுக்குப் பயம் இருந்தால்தான் கை ஒழுங்காக இருக்கும்.

பதினோரு வருடத்துக்கு முன்னால், எங்கள் அருங்காட்சியகத்தில் ஆராய்ச்சி செய்த பேராசிரியர் ஒரு மரத்தின் அடிப்பாகத்தைக் கொண்டுவந்தார். நின்றபடியே கல்லாகிப்போன மரம். வயது முப்பது கோடி ஆண்டுக்கு மேல். உள்ளே உளுத்துப்போய்க் குழாய் மாதிரி ஆகி, அதற்குள் சேறு நிறைந்து இறுகியிருந்தது. அந்தச் சேற்றுக்குள் சின்னச் சின்ன எலும்புகள் இருந்தன. பார்த்தால் வீட்டுச் சுவரில் ஓடும் பல்லி என்றுதான் சொல்வீர்கள். ஆனால் தண்ணீரை நம்பாமல் தரையிலேயே முட்டையிட ஆரம்பித்த முதல் கூட்டத்தைச் சேர்ந்தவை அவை. முதலை, பாம்பு, டைனோசர், கோழி, நீங்கள், நான், எல்லோரும் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள்தான். அவை அந்த மரத்துக்குள் குடியிருந்தனவா, அல்லது தவறி விழுந்து ஏற முடியாமல் செத்தனவா என்று படித்தவர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நான் விழுந்தன என்ற கட்சி.

இந்தப் பிராணிகளில் எல்லாமே ஓர் ஓட்டையைப் பொறுத்தது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே, உங்கள் நெற்றிப்பொட்டில் விரலை வைத்து ஏதாவது மென்று பாருங்கள். ஒரு தசை எழும்பி அடங்கும். அந்தத் தசைக்கு இடம் கொடுக்க, கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் ஒரு திறப்பு வேண்டும். மிகப் பழைய பிராணிகளுக்கு அது கிடையாது, மண்டை மூடியிருக்கும். பிறகு வந்தவற்றில் ஒரு ஓட்டை உள்ளவை நம் பக்கம் வந்தன. இரண்டு உள்ளவை பல்லி, முதலை, பறவை என்று போயின. அந்த ஓட்டை முதன்முதலில் எப்போது வந்தது என்பதற்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். எங்கள் பேராசிரியர் அவர்களில் ஒருவர்.

முதல் மண்டையோடு கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. இருபத்து மூன்று நாள் வேலை. கடைசி நாள் மதியம், கண்குழிக்குப் பின்னால் ஊசியை வைத்திருந்தேன். கை நழுவியது. தும்மவில்லை, யாரும் கதவைத் தட்டவில்லை, தூக்கக் கலக்கமும் இல்லை. காரணமே இல்லாமல் நழுவியது, அதுதான் எனக்கு இன்றும் குலைநடுக்கம். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. முப்பது கோடி வருடம் மூடியிருந்த இடம். அன்று நான் அழுதேன். பேராசிரியர் வந்ததும் காலில் விழுந்து சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன்.

அவர் நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணை மைக்ராஸ்கோப்பில் வைத்துவிட்டார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. "இங்க வாங்க. இது ஓட்டைதானே? எனக்கு மட்டும் தெரியுதா, உங்களுக்கும் தெரியுதா?" என்றார்.

"தெரியுது சார்" என்றேன். பொய் இல்லை, தெரிந்தது.

அவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அறுபது வயது மனிதர், தோள் குலுங்க அழுதார். "இதைப் பாக்காமலே போயிடுவேனோன்னு நினைச்சேன்யா" என்றார். அந்த நிலையில் இருக்கும் ஒரு மனிதரிடம் என்ன சொல்வது? நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்களா? கொஞ்ச நேரம் போகட்டும், நாளை சொல்லலாம் என்று விட்டேன். மறுநாள் அவர் "மறுபக்கத்தையும் திறந்துடுங்க, ரெண்டு பக்கமும் இருக்கணும்ல" என்றார். மறுபக்கத்தில் எலும்பு முழுசாக இருந்தது. அதையும் திறந்தேன். இந்த முறை கை நழுவவில்லை. அடுத்த மாதம் இரண்டாவது மண்டையோடு வந்தது. ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாவிட்டால் கேள்வி வரும் என்பதால் அதிலும் செய்தேன்.

அதன் பிறகு எல்லாம் என் கையை மீறிப் போயிற்று. பேராசிரியருக்கு விருது வந்தது. எங்களுக்குப் புதுக் கூடம் கட்டிக்கொடுத்தார்கள். கூடத்தின் நடுவில் அந்தத் தலையை ஆள் உயரத்துக்குச் செய்து வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் என் ஓட்டைக்குள் தலையை விட்டுப் படம் எடுத்துக்கொள்ளும். என் மகளின் பாடப் புத்தகத்தில் அதன் படம் வந்தது. "அப்பா, இது நீங்க எடுத்ததாமே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

பதினோரு வருடம் நான் பட்ட பயத்தை எழுதப் பத்துக் காகிதம் போதாது. வெளிநாட்டிலிருந்து யாராவது அந்த மண்டையோடுகளைப் பார்க்க வருகிறார்கள் என்றால் ஒரு வாரம் முன்பே அந்த ஓட்டைகளின் ஓரத்தைத் தினமும் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவைப்பேன். அவர்கள் குனிந்து பார்க்கும்போது நான் பின்னால் நின்று அவர்களுடைய பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். எந்த நொடியில் திரும்புவார்கள் என்று. திரும்புவார்கள், சிரிப்பார்கள், என் கையைக் குலுக்குவார்கள். "என்ன நுணுக்கமான வேலை" என்பார்கள். போனதும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுப்பேன்.

மூன்றாவதாக ஒரு பிராணியும் அதே மரத்தில் இருந்தது. கல்லின் பின்பக்கம் ஒரு விலா எலும்பின் நுனி தெரிந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. அதைத் திறந்தால் இன்னொரு முறை செய்ய வேண்டும். மனசு வரவில்லை. வேறொருவனாக இருந்தால் குப்பையில் போட்டிருப்பான். என்னால் எலும்பு உள்ள கல்லைக் குப்பையில் போட முடியாது, ஐயா. அது எங்கள் தொழிலில் யாராலும் முடியாது. "வெறும் கல்" என்று சீட்டு எழுதி ஒட்டி, கிடங்கில் ஏழாம் வரிசையில், மேலே கடைசித் தட்டில் வைத்தேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய்ச் சீட்டு அது.

போன வருடம் ஸ்கேன் இயந்திரம் வாங்கினார்கள். கல்லை உடைக்காமலே உள்ளே இருப்பதைப் பார்க்கலாம். அதை இயக்க ஒரு பெண் வந்தாள். இருபத்தெட்டு வயது, முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண்ணாடி, எந்த நேரமும் ஏதாவது கொறித்துக்கொண்டிருப்பாள். வந்த இரண்டாம் நாளே என்னை அண்ணா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். "அண்ணா, உங்க வேலையைப் பறிக்க வந்திருக்கேன், கோவிச்சுக்காதீங்க" என்று கிண்டல் வேறு. எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை மாலை என் அறைக்கு வந்தாள். கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இயந்திரத்தைச் சோதிச்சுப் பாக்க ஒண்ணுமில்லாத கல்லா ஒண்ணு எடுத்தேன். 'வெறும் கல்'னு நீங்க சீட்டு ஒட்டினது. போட்டுப் பாத்தா உள்ள ஒரு ஆளு சுருண்டு படுத்திருக்கான்!"

"அப்படியா" என்றேன்.

"அதே பிராணிதான். பல்லு, தாடை எல்லாம் அச்சா அதே. ஆனா ஓட்டை இல்ல அண்ணா. சரி, வேற இனமா இருக்குமோன்னு பழைய ரெண்டையும் போட்டுப் பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "ஓட்டையோட ஓரம் வழவழன்னு முடியணும். இது வெட்டின மாதிரி முடியுது. யாரோ ஊசியால எடுத்திருக்காங்க."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடியே சொன்னாள். "சார் சொல்லித்தான் செஞ்சீங்களா? அப்படின்னா உங்க மேல தப்பு இல்ல. நான் இன்னும் யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட கேக்காம சொல்ல எனக்கு மனசு இல்ல அண்ணா. திங்கக்கிழமை சொல்லியாகணும்."

"ஒரு நாள் டைம் குடும்மா" என்றேன்.

"ரெண்டு நாள் எடுத்துக்கோங்க" என்றாள். போகும்போது தன் பையிலிருந்த கடலையில் கொஞ்சம் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

இரவெல்லாம் உட்கார்ந்தே இருந்தேன். பேராசிரியர் படுத்த படுக்கையாக இருக்கிறார், இந்தச் செய்தி கேட்டால் அன்றே போய்விடுவார். என் மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிறது. புதுக் கூடத்தில் இருபது பேர் வேலை பார்க்கிறார்கள். இத்தனை பேரை நினைத்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெண்ணுக்கு அது தோன்றவில்லை, சின்ன வயசு. எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் கால அவகாசம்தான்.

இப்போது அந்தக் கிடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் வந்து பார்த்தீர்கள், ஆனாலும் சொல்கிறேன். இரும்பு அலமாரிகள் தண்டவாளத்தில் நகரும். எல்லாம் ஒட்டி நிற்கும். ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் அந்த இடத்தில் மட்டும் விலகி ஒரு ஆள் நுழைய வழி விடும். இன்னொரு வரிசையைத் திறக்க வேண்டுமானால் இதை மூட வேண்டும். ஒவ்வொரு அலமாரியிலும் பல டன் கல் இருக்கிறது. ஆனால் சக்கரத்தில் பல்லிணை, அதாவது கியர், வைத்திருப்பதால் சின்னக் குழந்தைகூடச் சுழற்றலாம். அதனால் எங்களிடம் இரண்டு பழக்கம். உள்ளே போகிறவர் தன் அடையாள அட்டையைச் சக்கரத்தில் மாட்டிவிட்டுப் போவார். சுழற்ற வருகிறவர் "உள்ள யாரு?" என்று கேட்டு, பதில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடுவார்.

என் வாக்குமூலத்தில் இருக்கும் இரண்டு வாக்கியங்கள் இவை: சக்கரத்தில் அட்டை இல்லை. கூப்பிட்டேன், பதில் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவள் வந்து, "யோசிச்சீங்களா அண்ணா?" என்றாள். "யோசிச்சேன். அந்தக் கல்லைக் கொண்டா, சேர்ந்து பாக்கலாம்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. கிடங்கு வரை நானும் கூடப் போனேன். கல்லைத் திரும்ப வைத்திருந்த ஏழாம் வரிசையைத் திறந்து, அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றிச் சக்கரத்தில் மாட்டிவிட்டு உள்ளே போனாள். ரொம்ப ஒழுங்கான பெண், ஒரு நாளும் மறக்க மாட்டாள்.

அட்டையை நான் எடுத்தேன். பிளாஸ்டிக் அட்டை, சக்கரம் சுழலும்போது சிக்கிக்கொள்ளும். சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். அவளுடைய மேசைமேல் நான் அதை வைத்தது பிறகுதான். இது முதல் திருத்தம்.

கூப்பிட்டேன் என்பது உண்மை. விதிப்படி "உள்ள யாரு?" என்று கேட்டேன். "நான்தான் அண்ணா, வேற யாரு?" என்று சிரித்தாள். இது இரண்டாவது.

இரண்டு சுற்று சுழற்றியதும், வழியை இன்னும் அகலமாக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். "போதும் அண்ணா, இடம் இருக்கு" என்றாள். நாலாவது சுற்றில், "அண்ணா, தப்பான பக்கம் சுத்துறீங்க" என்றாள். அப்போதும் குரலில் சிரிப்பு இருந்தது. ஆறாவது சுற்றில் இல்லை. அதற்குப் பிறகு அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை. அம்மா என்றுதான் கூப்பிட்டாள். ஒன்பதாவது சுற்றில் சக்கரம் இறுகியது. தோளைக் கொடுத்து அழுத்தினேன். பத்தாவது பாதிச் சுற்றுதான் வந்தது. சத்தம் நின்றுவிட்டது.

சக்கரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் பயந்த சுபாவக்காரன் என்று ஏற்கெனவே சொன்னேன்.

அந்த நேரத்தில் உள்ளே ஒரு தட்டு சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஏழாம் வரிசை, கடைசித் தட்டு. எனக்கு உயிரே போய்விட்டது. ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை, சக்கரத்தை எதிர்ப்பக்கம் சுழற்றினேன். அத்தனை வேகமாக நான் எதையும் செய்ததில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் சரிந்து உட்கார்ந்திருந்தாள், கல் அவள் மடியில் விழுந்திருந்தது. தரையில் விழுந்திருந்தால் தூளாகியிருக்கும். ஓரத்தில் லேசான சிராய்ப்புதான். அதை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றி, பத்திரமாக ஒரு இடத்தில் வைத்துவிட்டு வந்து, அதன் பிறகு கத்தினேன். எல்லோரும் ஓடிவந்தார்கள். ஐந்து நிமிடம் தாமதமாகியிருந்தால் பிழைத்திருக்க மாட்டாள் என்று டாக்டர் சொன்னார். பத்திரிகையில்கூட என் பெயரைப் போட்டு, சமயோசிதமாகக் காப்பாற்றியவர் என்று எழுதினார்கள். அதை நான் கேட்டு வாங்கவில்லை.

விலா எலும்புகளும் இரண்டு கைகளும் உடைந்திருக்கின்றன. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருக்கிறார்கள். பேச முடியாது, எழுதவும் முடியாது. ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை. ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூட நான் தவறவில்லை. அவளுடைய அம்மா என்னைப் பார்த்தாலே கையெடுத்துக் கும்பிடுவார். "அட்டையை மாட்ட மறந்துட்டாளாமே தம்பி. அவ சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான், எதையாவது மறந்துட்டு வந்துருவா. உங்களுக்கு எவ்வளவு சங்கடம்" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டார். பரவாயில்லம்மா என்றேன். அவர் டீ குடிக்கக் கீழே போகும்போது, மகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி என்னிடம்தான் விட்டுவிட்டுப் போவார்.

அந்தக் கல்லை வீட்டில் வைத்து இந்த ஐந்து வாரத்தில் திறந்துவிட்டேன். இப்போது உங்கள் மேசைமேல் பஞ்சு வைத்த டப்பாவில் இருக்கிறது. தயவுசெய்து யாரும் கையால் தொட வேண்டாம். கண்ணுக்குப் பின்னால் எலும்பு எவ்வளவு அழகாக மூடியிருக்கிறது என்று பாருங்கள். என் வாழ்நாளிலேயே இதுதான் சுத்தமான வேலை. பேராசிரியருக்குக் காட்ட முடியவில்லையே என்று வருத்தமாக இருக்கிறது.

ஏன் இப்போது வந்து சொல்கிறேன் என்று கேட்பீர்கள். நேற்று மாலை டாக்டர், குழாயை நாளை மறுநாள் எடுத்துவிடலாம், பேச ஆரம்பித்துவிடுவாள் என்றார். அவள் அம்மா அழுதுவிட்டார். நானும் அழுதேன். அவள் சொல்வதற்கு முன்னால் நானாக வந்து சொன்னதாக இருப்பதுதான் முறை. அவளுக்கும் பேசும் சிரமம் மிச்சம்.

ஒரே ஒரு வேண்டுகோள். நாளை குழாயை எடுக்கும்போது, உங்கள் ஆட்கள் இரண்டு பேரை வேண்டுமானாலும் கூட அனுப்பி, நான் அவள் பக்கத்தில் இருக்க அனுமதியுங்கள். கண் விழித்த நாளிலிருந்து அவள் யாரையும் சரியாக அடையாளம் கண்டுகொள்வதில்லை. டாக்டர் வந்தாலும், பெற்ற தாய் வந்தாலும் இதயத் துடிப்பு காட்டும் இயந்திரம் ஒரே சீராகத்தான் ஓடுகிறது. நான் வாசலில் தலையைக் காட்டினால் மட்டும் அது தடதடவென்று அடிக்க ஆரம்பித்துவிடும். கையைத் தொட்டால் நர்ஸ் ஓடிவரும் அளவுக்குக் கூடும். கண்ணிலிருந்து தண்ணீர் வழியும். "உங்களைப் பாத்தாத்தான் தம்பி அவளுக்கு உசுரே வருது" என்கிறார் அவளுடைய அம்மா. எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, ஐயா. அவளுக்கு என்மேல் கோபமே இல்லை.